பெயர் கேட்கப்படாத தாய்

கந்தல் உடையில் ஒரு தாய். மடியில் கைக்குழந்தை. இரு பக்கமும் இரண்டு பிள்ளைகள் தாயின் தோளில் சாய்ந்து முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாயின் விரல்கள் கன்னத்தைத் தொட்டபடி இருக்க, கண்கள் எங்கோ தூரத்தைப் பார்க்கின்றன. அடுத்த வேளை உணவுக்கு என்ன செய்வது என்ற கவலை நெற்றிச் சுருக்கங்களில் தெரிகிறது.

'மைக்ரன்ட் மதர்' என்று அழைக்கப்படும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நம்மில் பலர் எங்காவது பார்த்திருப்போம். பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலையும் தாய் என்பது அதன் பொருள். வறுமையைப் பதிவு செய்த புகைப்படங்களில் இதைப் போலப் புகழ் பெற்றது வேறில்லை எனலாம். ஆனால் அந்தத் தாய் யார், படம் வெளியான பிறகு அவருக்கு என்ன கிடைத்தது என்பது பலருக்கும் தெரியாது. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருப்பதால், அதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

படம் எடுக்கச் சொன்னது அரசு

1929இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. அதைத் தொடர்ந்து வறட்சியும் புழுதிப் புயலும் விவசாயத்தை அழித்தன. நிலம் இழந்த குடும்பங்கள் கூலி வேலை தேடி கலிபோர்னியாவுக்குச் சென்றன. இவர்களுக்கு உதவ அதிபர் ரூஸ்வெல்ட் அரசு 1935இல் ஒரு துறையை ஏற்படுத்தியது. அதில் ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் தலைமையில் ஒரு புகைப்படப் பிரிவும் இயங்கியது.

வரிப்பணத்திலிருந்து ஏன் உதவி தரப்படுகிறது என்பதை நகரத்தில் வசதியாக இருப்பவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தத் திட்டத்தில் எடுக்கப்பட்ட சுமார் 1,75,000 நெகட்டிவ்கள் இன்றும் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

பத்தே நிமிடம்

அந்தப் பிரிவில் பணியாற்றியவர்களில் ஒருவர் டோரதியா லாங். 1936 மார்ச்சில், வேலையை முடித்துக்கொண்டு அவர் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் பட்டாணி பறிப்போர் முகாம் என்ற பலகையைக் கண்டும் நிற்காமல் சென்றுவிட்டார். சுமார் 20 மைல் போன பிறகு மனம் கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.

நிபோமோ என்ற ஊரில் இருந்தது அந்த முகாம். உறைபனியில் பட்டாணிப் பயிர் அழிந்துவிட்டதால் அங்கு வந்திருந்தவர்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. லாங் அங்கே இருந்தது பத்து நிமிடம்தான். சில படங்களை எடுத்தார். அந்தத் தாயின் பெயரையோ வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். படக் குறிப்பில் இருந்தது, வயது 32, ஏழு குழந்தைகளின் தாய் என்ற விவரம் மட்டுமே.

சில நாட்களில் சான்பிரான்சிஸ்கோவின் ஒரு நாளிதழில் படங்கள் வெளியாயின. அரசு உடனே அந்த முகாமுக்குச் சுமார் 9,000 கிலோ உணவை அனுப்பியது. பசித்திருந்தவர்களுக்குச் சோறு கிடைத்ததற்கு அந்தப் படங்களே காரணம். ஆனால் உணவு வந்து சேர்வதற்குள் அந்தத் தாயின் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தது.

42 ஆண்டுகள் கழித்து

1978இல் ஒரு பத்திரிகையாளர் அந்தத் தாயைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். 1931இல் கணவரை இழந்து, பருத்தி பறித்தும் கிடைத்த வேலைகளைச் செய்தும் பிள்ளைகளை வளர்த்தவர்.

தம்மைப் படம் எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார் அவர். தம் பெயரைக் கேட்கவில்லை, படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லியும் அனுப்பவில்லை என்பன அவருடைய மனக்குறைகள். உணவு வாங்கக் காரின் டயர்களை விற்றுவிட்டதாக லாங் எழுதியதையும் குடும்பத்தார் மறுத்தனர். அந்தப் படத்தால் சிறு வயதில் தாங்கள் வெட்கப்பட்டதாக, அதில் தோளில் சாய்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவர் பின்னாளில் கூறினார்.

லாங்கைக் குற்றவாளியாக நிறுத்துவது நம் நோக்கமல்ல. படம் அரசுக்குச் சொந்தமானது. அவருக்கும் அதன் உரிமைத் தொகை கிடைக்கவில்லை. அவர் வண்டியைத் திருப்பியிராவிட்டால் முகாமுக்கு உணவு வந்திருக்குமா என்பதும் கேள்விதான். ஆனால் நல்ல எண்ணத்தோடு எடுத்த படமும் அதில் இருப்பவரின் மனதைக் காயப்படுத்தலாம்.

1983இல் தாம்சன் நோயுற்றபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டனர். சுமார் 35,000 டாலரும் ஏராளமான கடிதங்களும் வந்தன. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். 1998இல் அந்தப் படம் தபால்தலையாக வந்தது. அதே ஆண்டில் லாங்கின் கையெழுத்துக் குறிப்புடன் இருந்த ஒரு பிரதி 2,44,500 டாலருக்கு ஏலம் போனது.

ஃப்ளாவியோ என்ற சிறுவன்

அதே துறையில் பணியாற்றிய இன்னொருவர் கார்டன் பார்க்ஸ். 1961இல் 'லைஃப்' பத்திரிகைக்காகப் பிரேசிலின் ரியோ நகரக் குடிசைப் பகுதிக்குச் சென்றார். ஆஸ்துமாவால் அவதிப்பட்டுக்கொண்டே தம்பி தங்கைகளைக் கவனித்துவந்த ஃப்ளாவியோ என்ற 12 வயதுச் சிறுவனின் பெயரையும் வாழ்க்கையையும் படங்களோடு எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். குடும்பத்துக்கு வீடு வாங்கித் தரப்பட்டது. சிறுவன் அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் சிகிச்சை பெற்று நலமானான்.

பிரேசில் பத்திரிகை ஒன்றுக்கோ கோபம் வந்தது. தன் புகைப்படக்காரரை நியூயார்க்குக்கு அனுப்பி, அங்குள்ள ஏழைக் குடும்பம் ஒன்றைப் படம் பிடித்து வெளியிட்டது. தன் வீட்டு வறுமை அந்நியர் பார்வைக்கு வைக்கப்படுவது ஒரு நாட்டுக்கே வலிக்கிறது என்றால், ஒரு குடும்பத்துக்கு எப்படி வலிக்கும்!

நம் கையில் இருக்கும் கேமரா

ரமளானில் உணவுப் பொருட்கள் வழங்கும்போதும், வெள்ள நிவாரணத்தின்போதும், கல்வி உதவி கொடுக்கும்போதும் நாம் எடுக்கும் படங்களை நினைத்துப் பார்ப்போம். ஐந்து கிலோ அரிசிப் பைக்கு ஐந்து பேர் கை வைத்திருக்க, வாங்கும் பெண் முந்தானையால் முகத்தை மறைக்கப் பாடுபடுகிறார்.

'கணக்குக் காட்ட வேண்டாமா, நன்கொடை தந்தவர்கள் கேட்பார்களே' என்று நிர்வாகிகள் சொல்வது நியாயமான காரணம்தான். தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று குர்ஆன் (2:271) கூறுகிறது. ஆனால் அங்கே வெளிப்படுத்தலாம் என்று சொல்லப்படுவது தர்மத்தை. வாங்குபவரின் முகத்தை அல்ல. தன்மானத்தால் பிறரிடம் கேட்காமல் இருப்பதால் அறியாதவர்கள் செல்வந்தர் என்று எண்ணும் ஏழைகளைப் பற்றி 2:273 பேசுகிறது. அவர்கள் காத்துவந்த அந்த மானத்தை ஒரு வாட்ஸ்அப் படம் ஒரே நாளில் பறித்துவிடும்.

கணக்குக் காட்ட ரசீதுகளும், அடுக்கி வைத்த மூட்டைகளின் படமும், பயனடைந்த குடும்பங்களின் எண்ணிக்கையும் போதும். சிகிச்சைக்கு நிதி திரட்டுவது போல முகம் காட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், படம் எங்கெல்லாம் போகும் என்பதை முதலில் விளக்கி, சம்மதம் கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்று சொன்னாலும் உதவி கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால்தான் அது சம்மதம். தேவை தீர்ந்ததும் படத்தை நீக்கிவிட வேண்டும். பிள்ளைகளின் முகத்தை எந்த நிலையிலும் தவிர்ப்பது நல்லது. நாளை பள்ளியில் சக மாணவனின் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்க்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

நிபோமோ முகாமில் பத்து நிமிடத்தில் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வி, 'உங்கள் பெயர் என்ன?' என்பது. அதைக் கேட்காமல் விட்டதன் வருத்தம் அந்தத் தாயிடம் 42 ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்தது. அடுத்த முறை கைப்பேசியை உயர்த்துவதற்கு முன், எதிரில் நிற்பவரின் பெயரையும் சம்மதத்தையும் நாம் கேட்போம்.