தலைமேல் வைத்த கை



ஊதாரி மைந்தன் உவமையை ஓவியர் ரெம்பிராண்ட் 1642ஆம் ஆண்டளவில் ஒரு சிறு தாளில் பழுப்பு மையால் வரைந்தார். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரிலுள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் அது இருக்கிறது. வண்ணங்கள் இல்லை, பேனாக் கோடுகளும் கொஞ்சம் மைச் சாயமும்தான். மகன் மண்டியிட்டிருக்கிறான். தந்தை குனிந்து அவன் தலைமேல் கை வைக்கிறார்.

மகன் சொல்லவேண்டியதை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். தந்தை அதற்குக் காத்திருக்கவில்லை. நற்செய்தியிலும் அவர் ஓடிப்போய் முத்தமிட்ட பிறகே மகன் வாய் திறக்கிறான் (லூக்கா 15:20-21). நம் வீடுகளிலோ, "முதலில் அவன் மன்னிப்புக் கேட்கட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கிறோம்.

தந்தையின் பரிவைச் சொல்ல லூக்கா எழுதிய கிரேக்கச் சொல், குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 'பெற்ற வயிறு பதறுது' என்று நம் தாய்மார் சொல்வார்களே, அதேதான்! இயேசு அதை ஒரு தகப்பனுக்குக் கொடுக்கிறார்.

ரெம்பிராண்டும் தகப்பன்தான். 1642க்கு முன்பே மூன்று பச்சிளம் குழந்தைகளை அடக்கம் செய்திருந்தார். அவ்வாண்டு ஜூனில் மனைவி சாஸ்கியாவும் இறந்தார். ஒரு வயதுகூட நிரம்பாத மகன் டைட்டஸ் அவர் கையில் இருந்தான்.