பிரேக்கிலிருந்து மின்சாரம்

ஓடும் வாகனத்தை நிறுத்த வேண்டுமானால் அதன் இயக்க ஆற்றலை வேறு வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். பெட்ரோல், டீசல் வண்டிகளில் பிரேக் பேடுகள் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கின்றன. அந்த ஆற்றல் உராய்வில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. மின்வாகனமோ அதில் பெரும்பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதுவே ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்.

இதற்கென்று தனி இயந்திரம் தேவையில்லை. மின்சாரம் கொடுத்தால் சுழலும் மோட்டார், சுழற்றிவிட்டால் மின்சாரம் கொடுக்கும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்வெர்ட்டர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை ஜெனரேட்டராக இயங்க வைக்கிறது. அதுவரை சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரை இப்போது சக்கரம் சுழற்றுகிறது. உண்டாகும் மாறுதிசை மின்சாரத்தை இன்வெர்ட்டர் நேர்த்திசை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் செலுத்துகிறது. மின்சாரம் எடுக்க எடுக்க, மோட்டாருக்குள் காந்தவிசை சுழற்சியை எதிர்க்கும். வண்டியின் வேகத்தைக் குறைப்பது அந்த எதிர்ப்புதான். சைக்கிள் சக்கரத்தில் டைனமோவைச் சாய்த்ததும் பெடல் கனப்பதும் இதனாலேயே.

1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் 300 கிலோஜூல், அதாவது சுமார் 83 வாட்-மணி. வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். இது முழுவதும் கைக்கு வராது. காற்றின் தடையும் டயரின் உராய்வும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில், சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் போகையில் 80 சதவீதம் தேறி, திரும்பி வருகையிலும் 80 சதவீதம் தேறினால், மறுபடி சக்கரத்தை எட்டுவது 64 சதவீதம்.

எனவே பலன் பயணத்தைப் பொறுத்தது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் நகரச் சாலையில் மீட்பு அதிகம். ஒரே வேகத்தில் செல்லும் நெடுஞ்சாலையில் மீட்பதற்கே வாய்ப்பு குறைவு. மலையிறக்கம் இன்னும் வளமானது: அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 4 கிலோவாட்-மணி ஆற்றல் வெளிப்படுகிறது. ஆனால் மலையுச்சியிலேயே பேட்டரியை முழுதாக நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் அந்த மின்சாரத்துக்கு இடமிருக்காது.

கடுங்குளிரிலும் லித்தியம் பேட்டரி வேகமாக சார்ஜ் ஏற்காது. வண்டி ஊர்ந்து செல்லும் வேகத்துக்கு வந்துவிட்டால் மோட்டாரிலிருந்து கிடைக்கும் மின்சாரமும் மிகக் குறைவு. அவசரமாக நிறுத்தத் தேவைப்படும் விசையை மோட்டார் மட்டும் தர முடியாது. ஆகவே உராய்வு பிரேக் எல்லா மின்வாகனத்திலும் உண்டு. பல கார்களில் பெடலை மிதிக்கும்போது இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. உராய்வு பிரேக்குக்கு வேலை குறைவதால் பேடுகள் நீண்ட நாள் உழைக்கின்றன. அவற்றிலிருந்து பறக்கும் தூசியும் குறைகிறது.

மின்ரயில்களில் இந்த மின்சாரம் மேல்நிலைக் கம்பிக்கே திரும்பிச் சென்று, அதே தடத்தில் கிளம்பும் மற்றொரு ரயிலை இழுக்கிறது. இந்த முறையில் மின்சாரத்தை மிச்சப்படுத்திய டெல்லி மெட்ரோவின் திட்டம், 2007இல் ஐ.நா.வின் தூய்மை மேம்பாட்டுச் செயல்முறையில் பதிவு பெற்றது. அதில் இடம்பெற்ற உலகின் முதல் ரயில் திட்டம் அதுவே.

மின்வாகன ஓட்டுநர் செய்ய வேண்டியது எளிது: முன்னால் நிற்பதைத் தொலைவிலேயே கவனித்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக விட வேண்டும். திடீர் பிரேக்கில் வெப்பமாகிப் போகும் ஆற்றல், நிதானமாக நிறுத்தினால் அடுத்த சில நூறு மீட்டர் பயணத்துக்கு உதவும்.