பாறை தந்தது, கடல் மறுத்தது

பொன்முடிக்குச் செல்லும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. சுற்றுலாப் பயணிகள் மூடுபனிக்காக வருகிறார்கள். புவியியலாளர்களுக்குப் பாறையே போதும். இங்குள்ள கல் குவாரியில் வெளிர்நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சை சார்னோகைட் திட்டுத்திட்டாகப் படர்ந்திருப்பது ஆய்வுலகில் பிரசித்தம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்த பாறைகள் இவை. இத்தகைய பாறைகளில் பொடிப்பொடியாக ஒளிந்திருக்கிறது மோனசைட் என்ற தேன்நிறத் தாது.

பாறையை மழை மக்கவைக்கிறது. மலையடிவாரத்துக் கல்லாறு வாமனபுரம் ஆற்றில் கலந்து, அஞ்சுதெங்கு காயல் வழியாக அரபிக் கடலைத் தொடுகிறது. இப்படித் தென்கேரள ஆறுகள் யுகயுகமாகச் சுமந்துவந்து கொட்டியதுதான் சவறாவிலும் மணவாளக்குறிச்சியிலும் கிடக்கும் கருமணல். ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909ல் கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். (தென்னைக்கு இப்படியும் ஒரு பெருமை!) அன்றைய கிராக்கி காஸ் விளக்கு மேண்டிலுக்கான தோரியத்துக்கு. இன்று உலகம் தேடுவது அதே தாதுவிலுள்ள நியோடிமியத்தை. மின்சாரக் கார்களுக்கும் காற்றாலைகளுக்கும் தேவையான காந்தங்கள் அதிலிருந்தே பிறக்கின்றன.

அப்படியானால் கடல்நீரில் அது மண்டிக்கிடக்க வேண்டாமா? இல்லை. ஒரு டன் சாதாரணப் பாறையில் நியோடிமியம் 20 முதல் 40 கிராம் வரை இருக்கும். ஒரு டன் கடல்நீரிலோ சில மைக்ரோகிராம்தான். மோனசைட் கரையாது. எடையும் குவார்ட்ஸைப் போல இரு மடங்கு. எனவே அலை லேசான மணலை அள்ளிச் சென்று இதைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. ஆற்று நீரில் கரைந்துவரும் சிறு பங்குக்கு முகத்துவாரத்தில் ஆபத்து: உப்பு பட்டதும், எலுமிச்சை பிழிந்த பால்போல, நுண்ணிய இரும்புத் துகள்கள் திரிந்து அரிய மண் தனிமங்களையும் இழுத்துக்கொண்டு படிகின்றன. தப்பியவை கடலின் மேல்மட்டத்துத் துகள்களில் ஒட்டிக்கொண்டு ஆழத்தில் விடுபடுகின்றன. கீழே போகப் போக அளவு கூடுவது இதனால்தான். சீரியம் மட்டும் விதிவிலக்கு. ஆக்சிஜனோடு சேர்ந்து நீரிலிருந்து பிரிந்து, மாங்கனீசு முடிச்சுகளில் தஞ்சமடைகிறது.

இவ்வளவு சொற்பத்தை அளப்பதே வித்தை. 1970களுக்கு முந்தைய பல கணக்குகள் கப்பலின் துருவையும் சேர்த்தே அளந்தவை! பிறகு சுத்தமான முறைகள் வந்தன. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் வங்காள விரிகுடா நீரிலுள்ள நியோடிமியத்தின் ஐசோடோப்புகளைக் கொண்டு, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் வண்டலின் தடத்தையே கண்டிருக்கிறார்கள்.

முடிச்சுகளிலும் இந்தியாவுக்குக் கண் உண்டு. 1981 ஜனவரி 26ல் கவேஷனி கப்பல் முதல் முடிச்சுகளை எடுத்தது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் ஆய்வு உரிமையும் இருக்கிறது. ஆனால் அவை கிடப்பது சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில். பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் வளர்பவை.

கைக்கெட்டுவது கரை மணல்தான். தகராறும் அங்கேதான். கொல்லம் மாவட்டம் ஆலப்பாட்டில், மணல் எடுப்பதால் கடல் ஊரைத் தின்கிறது என்று 2019ல் போராட்டம் வலுத்தது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். வகுத்த திட்டத்தைக் கடலோரக் கிராமங்கள் 2024ல் எதிர்த்தன. தாதுவைப் பிரித்த பின் மிச்ச மணலைத் திரும்ப நிரப்புவதாக நிறுவனம் சொல்கிறது. நிரப்பும் மணலில் கனமான தாதுக்கள் இருக்காது. லேசான மணலை அள்ளிப்போவது அலைக்குச் சுலபம்.