தம்புராக்காரருக்கும் ஒரு படம்

செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் பாடகரைப் பார்ப்பார்கள், வயலினைப் பார்ப்பார்கள், எழுந்து போகாதவர்கள் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தையும் பார்ப்பார்கள். பின்னால் தம்புரா மீட்டுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. பல மேடைகளில் அவர் இடத்தையும் மின்னணு சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டுவிட்டது.

அவரையும் உற்றுப் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் இருந்தார்: பால்தசார் சோல்வின்ஸ். 1760இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்து, கடலும் கப்பலும் வரைந்துகொண்டிருந்தவர். 1791இல் பிழைப்புத் தேடிக் கல்கத்தா வந்தார். கோச்சு வண்டிகளுக்கும் பல்லக்குகளுக்கும் வர்ணம் தீட்டிக் காலம் தள்ளினார்.

பிறகுதான் அந்த விபரீத ஆசை. வங்காளத்து மக்களின் தொழில், உடை, பண்டிகை என்று 250 படங்கள். ஹூக்கா பிடிக்கும் தினுசுகளைக்கூட விடவில்லை. வாத்தியங்களுக்கென்றே தனிப் பகுதி: தம்புரா, பீன், சிதார், பக்வாஜ், தபலா... வாத்தியத்தை மட்டும் வரையாமல் வாசிப்பவரையும் சேர்த்தே வரைந்தார். எப்படி உட்கார்ந்தார்கள், எப்படிப் பிடித்தார்கள் என்று இன்றைய ஆய்வாளர்களுக்குத் தெரிவது அதனால்தான்.

முறை பழையது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி ஊசியால் கீறுவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பிக் காகிதத்தில் அழுத்தினால் படம். 1631இல் ரெம்பிராண்ட் தெருவோரத்துப் பார்வையற்ற பிடில்காரரைப் பதித்ததும் இப்படித்தான்.

1799இல் வேலை முடிந்தது. ஆனால் கோடுகள் முரடு, நிறம் மங்கல் என்று வாங்குவோர் முகம் சுளித்தார்கள். லண்டனில் எட்வர்ட் ஆர்ம் என்ற பதிப்பாளர், 1804இல் அதிலிருந்து 60 படங்களை மெருகேற்றி, அனுமதி கேளாமலே வெளியிட்டார். சோல்வின்ஸ் சளைக்காமல் 1808 முதல் 1812 வரை பாரிஸில் 288 படங்களை நான்கு பெரிய தொகுதிகளாகக் கொண்டுவந்தார். நெப்போலியன் யுத்த காலம், விற்கவில்லை. மனைவியின் பணமும் கரைந்தது. கடைசியில் ஆன்ட்வெர்ப் துறைமுகத் தலைவர் உத்தியோகம், 1824இல் மரணம்.

அவரை மீட்டெடுத்தவர்களில் ஒருவர் தமிழகத்துக்குத் தெரிந்தவர். நாடார் சமூகத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹார்ட்கிரேவ், சிதார் கலைஞரான ஸ்டீஃபன் ஸ்லாவெக்குடன் சேர்ந்து இந்த வாத்தியப் படங்களை 1997இல் நூலாக்கினார்.

ஒலிப்பதிவுக் கருவி வந்தது 1877இல். அந்தக் கல்கத்தா தம்புராவின் நாதத்தை இனி யாரும் கேட்க முடியாது. மீட்டியவரை மட்டும் பார்க்கலாம். அந்தப் படத்தில் அவருக்கு முன்னால் பாடகர் யாரும் உட்கார்ந்து மறைக்கவில்லை.