மழை பெய்யும் பாலைவனம்

பாலைவனம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? மணல், ஒட்டகம், பேரீச்ச மரம், தண்ணீருக்குத் தவிக்கும் பிரயாணி. மேல்நாட்டாரோ சில காலமாக வேறொரு பாலைவனத்தைப் பற்றிப் பேசி வருகிறார்கள். 'உணவுப் பாலைவனம்' என்று அதற்குப் பெயர். 1990-ஐ ஒட்டி ஸ்காட்லாந்தில் பிறந்த சொல் என்பார்கள். ஏழை ஜனங்கள் வசிக்கும் பகுதியில் நல்ல காய்கறியும் பழமும் விற்கும் கடை கிட்டத்தில் இல்லாவிட்டால் அது உணவுப் பாலைவனமாம். அமெரிக்க விவசாய இலாகாவினர் இதற்கு அளவுகோலும் வைத்திருக்கிறார்கள்: பட்டணத்தில் 1 மைல், கிராமப்புறத்தில் 10 மைல்.

நாம் இதைப் படித்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆடி மாதத்துக் கூடலூர் மழை எப்படிப்பட்டதென்பது அதில் நனைந்தவர்களுக்குத்தான் தெரியும். கூரைமேல் விழும் இரைச்சலில், நாம் சொல்லும் பாடம் முதல் பெஞ்சுக்குக்கூடக் கேளாது. ஜன்னலுக்கு அப்பால் கண்ட இடமெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. இதையா பாலைவனம் என்பது என்று சிரிப்பு வந்தது. அந்தப் பச்சை என்ன பச்சை என்று சற்று யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அதில் பெரும் பகுதி தேயிலை. தேயிலையைக் குடிக்கலாம், தின்ன முடியாது.

கூடலூரும் பந்தலூரும் 1877 வரையில் மலபார் ஜில்லாவின் வயநாட்டைச் சேர்ந்திருந்தவை. அவ்வருஷம்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. மலைகளுக்கு இடையே உள்ள ஈரப் பள்ளங்களிலெல்லாம் அக்காலத்தில் நெல் விளைந்தது. மவுண்டாடன் செட்டிமாரும் வயநாடன் செட்டிமாரும் பயிரிட்டார்கள்; பணியர்கள் சேற்றில் இறங்கி உழைத்தார்கள். 1845-ஐ ஒட்டி ஆக்டர்லோனி என்னும் துரை காப்பி பயிரிட வந்தார். அவர் பெயரின் முதலெழுத்துத்தான் இன்றும் ஓவேலியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1880-ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பக்கத்தில் தங்கம் இருக்கிறதென்று ஒரு பைத்தியம் கிளம்பிற்று. லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. பந்தலூர்க் காட்டில் பட்டணம் எழுந்தது. தங்கம் மட்டும் போதிய அளவு கிடைக்கவில்லை. சில வருஷங்களில் எல்லாம் மூடிக்கிடந்தன. பிறகு தேயிலை வந்தது. 1964-இல் சாஸ்திரியாரும் ஸ்ரீமதி சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் சகோதரர்களுக்குப் பிழைப்பளிக்க, சர்க்காரும் 1968 முதல் தேயிலை பயிரிட்டது. சேரம்பாடியிலும் கொளப்பள்ளியிலும் நெல்லியாளத்திலும் அந்தக் குடும்பங்களைக் காணலாம். அவர்கள் வந்தது நியாயம். அவர்களுக்கு வேலை வேண்டியதும் நியாயம். ஆனால் காப்பி, தங்கம், தேயிலை என்று இந்த மலையைத் தேடி வந்த எதுவும் பானையில் போட்டு வேகவைக்கக் கூடியதல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே, நெல் விளைந்த சீமைக்கு இன்று அரிசி லாரியில் ஏறி வருகிறது. வருவதற்கு முக்கியமாய் மூன்று வழிகள். ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாக இறங்கும் மலைப்பாதை ஒன்று. குண்டலுப்பேட்டையிலிருந்து பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் ஊடே வரும் ரஸ்தா மற்றொன்று. வனவிலங்குகளை முன்னிட்டு, பந்திப்பூர்க் காட்டில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரையில் வண்டிப் போக்குவரத்துக்குத் தடை. மூன்றாவது, நிலம்பூரிலிருந்து நாடுகாணி வழியாக ஏறும் பாதை. பெருமழையில் இவற்றில் எது எப்போது மண் சரிந்து அடைபடும் என்று சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செண்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த வாரத்தில் கூடலூர்த் தாழ்வாரங்களிலும் வெள்ளம் புகுந்தது. கையில் பணமிருந்தவர்களும் அப்போது தக்காளிக்குத் திண்டாடினார்கள். பணமில்லாதவர்கள் தக்காளியைப் பற்றி நினைக்கவே இல்லை.

இவ்வளவும் ஊருக்குப் பொதுவான விஷயம். குடும்பத்துக்குள் இது எப்படி நுழைகிறதென்பதை நாம் ஒரு சிறுவனால் அறிந்தோம்.

நம் வகுப்பில் படிக்கும் பணியர் குலத்துப் பையன் அவன். மாதந்தோறும் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டான். சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொண்டோம். அவன் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அவர்கள் குடியிருப்புக்குப் போனபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அவனுக்குப் பாட்டிதான் துணை. ரேஷன் கடையில் கார்டில் பெயருள்ள ஒருவரின் விரல் ரேகை பதிய வேண்டும். வாழ்நாளெல்லாம் நாற்றுப் பறித்தும் கொழுந்து கிள்ளியும் தேய்ந்த பாட்டியின் விரல்களை யந்திரம் அடையாளம் கண்டுகொள்வதில்லை. பேரனுடைய விரல் பதிகிறது. ஆதலால் கடை திறக்கும் நாளில் பேரனும் போக வேண்டியிருக்கிறது. இது தெரியாமல் அவனை வெயிலில் நிற்க வைத்தோமே என்று நமக்கு வெட்கமாயிருந்தது.

அன்று நாமும் அவர்களோடு நடந்தோம். தோட்டத்து வழியாக இறங்கி, ஓர் ஓடையைப் பாலமில்லாமல் தாண்டி, மறுபடி ஏறிக் கடையை அடைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சிக்னல் கிடைக்காமல் யந்திரம் சிறிது நேரம் மௌன விரதம் பூண்டது. அரிசி கிடைத்தது. பருப்பும் எண்ணெயும் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் வரச்சொன்னார்கள். மூட்டையைத் தூக்கி வரப் பாட்டியால் ஆகாது. வாடகை ஜீப்பு வேண்டும்.

"மாஷே, அரிசி சும்மா கிடைக்கிறது. ஜீப்பு சும்மா வருமா?" என்றாள் பாட்டி.

இத்தனைக்கும் நம் ராஜ்யத்து ரேஷன் ஏற்பாட்டை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். கேட்கும் குடும்பம் எதற்கும் கார்டு உண்டு என்பது இந்தியாவில் எல்லா இடத்திலும் உள்ள வழக்கமல்ல. 2011 ஜூன் முதல் அரிசி இனாம். பரம ஏழைகளான அந்தியோதயா குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ. இந்த அரிசி இல்லாதிருந்தால் கூடலூர் மலைகளில் எத்தனை அடுப்புகள் அணைந்திருக்கும் என்று நினைக்கவே பயமாயிருக்கிறது. 2025 ஆகஸ்டில் முதியோர்க்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீடு தேடிச் சாமான் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. அந்த வண்டி ஓடைக்கு அக்கரையிலும் போய்ச் சேருமானால் பையனுக்கு மாதம் இரண்டு நாள் படிப்பு மிஞ்சும்.

அரிசி வந்த பிறகும் சங்கடம் தீர்வதில்லை. வீட்டில் அரிசி இருந்தால் யானைக்கு மூக்கில் வேர்த்துவிடுகிறது. பந்தலூர்ப் பக்கத்தில் அரிசிக்காக வீடுகளை இடித்து வந்த ஒரு மக்னா யானையை, ஓர் அம்மாள் உயிரிழந்த பிறகு, 2022 டிசம்பரில் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். அது அடுத்த மாதமே வயநாட்டுச் சுல்தான் பத்தேரி நகருக்குள் நடந்து போய் அங்கே பிடிபட்டது. மண் சுவர் வீட்டில் 35 கிலோ மூட்டையை வைத்துக்கொண்டு தூங்குவது எப்படி? நம் பாட்டி மூட்டையைக் கான்கிரீட் வீடுள்ள அயலார் ஒருவரிடம் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை அளந்து வாங்கிக்கொள்கிறாள்.

ஆனால் அரிசி மட்டும் ஆகாரமாகிவிடுமா? பணியர்கள் வயலில் உழைத்த காலத்தில் கூலி நெல்லாகவே கிடைத்தது. அது அடிமை வாழ்வு; அதைப் பொற்காலமென்று சொல்லுவது பாவம். கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1976-இல்தான். ஆயினும் அந்த வயல் அவர்களுக்குக் கூலியைத் தவிர வேறொன்றும் கொடுத்தது. வரப்பில் தகரைக் கீரை, வாய்க்காலில் சிறு மீன், வளைக்குள் நண்டு, மழைக்குப் பின் காளான். காட்டுநாயக்கர்களுக்குக் காடு கிழங்கும் தேனும் தந்தது. இவற்றை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஆகவே எந்தக் கணக்குப் புஸ்தகத்திலும் இவை ஏறவில்லை. வயல்கள் வாழைத் தோட்டமாகவும் இஞ்சிக் காடாகவும் தேயிலையாகவும் மாறியபோது நெல் நஷ்டமாயிற்று என்று எழுதினார்கள். நண்டு நஷ்டமாயிற்று என்று எழுதியவர் இல்லை.

திங்கட்கிழமைகளில் நம் பள்ளியில் இதைப் பார்க்கலாம். சனி, ஞாயிறு கழிந்து வரும் பிள்ளைகள் அன்று மத்தியானச் சாப்பாட்டில் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை தட்டு நீட்டுவார்கள். முட்டையை உடனே தின்னாமல் கடைசிவரை தட்டில் வைத்துக் காப்பாற்றுவார்கள். 1982-இல் விரிவடைந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டியும் இப்பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதைச் சோறு பரிமாறும் ஆயாவைக் கேட்டால் சொல்லுவாள். ஆனால் பள்ளிக்கு மே மாதம் என்று ஒன்று இருக்கிறதே.

சொந்த நிலமிருந்தால் நாலு மரவள்ளி நடலாம், முருங்கை வைக்கலாம் என்று சொல்லத் தோன்றும். நிலத்தின் கதையோ பெரிது. நிலம்பூர்க் கோவிலகத்தாரின் ஜன்ம பூமியாயிருந்த சுமார் 80,000 ஏக்கரை ரயத்துவாரியாக மாற்ற 1969-இல் சட்டம் பிறந்தது. அதன் மேல் எழுந்த வழக்கு, அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் பற்றி 2007-இல் உச்ச நீதிமன்றத்து ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. சட்டப் புஸ்தகத்தில் கூடலூருக்கு அழியாத இடம் கிடைத்துவிட்டது; பட்டா கிடைக்காத குடிகள் இன்னும் அநேகர். 1988 டிசம்பரில் ஆதிவாசி ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடலூர் வீதிகளில் ஊர்வலமாக வந்து கேட்டது இந்த நிலத்தைத்தான். அதன்பின் அவர்களுக்கென்று 1990-இல் ஏற்பட்ட ஆஸ்பத்திரி, ரத்தசோகையையும் அரிவாளணு நோயையும் ஓயாமல் பார்த்து வருகிறது. மருந்தோடு கீரையும் கொல்லையும் எழுதிக் கொடுக்க வைத்தியர்களால் முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அன்று கடையிலிருந்து மூட்டை ஜீப்பில் போயிற்று. பாட்டியும் பேரனும் நாமும் நடந்தே திரும்பினோம். பாதி வழியில் இன்னும் நெல் நட்டிருக்கும் ஒரு துண்டு வயல் வந்தது. பாட்டி ஒன்றும் சொல்லாமல் சேலையைத் தூக்கிச் செருகி வரப்பில் இறங்கினாள். பையன் ஒரு வளைக்குள் முழங்கை வரையில் கையை விட்டான். நாம் பதறினோம். அவன் சிரித்துக்கொண்டே ஒரு நண்டை வெளியே எடுத்தான். கால் மணி நேரத்தில் நாலு நண்டும் ஒரு மடிக் கீரையும் சேர்ந்துவிட்டன. பக்கத்தில் வாழைத் தோட்டத்து ஓரத்தில் அதைவிடக் கொழுத்த கீரை தழைத்திருந்தது. நாம் அதைக் காட்டினோம்.

"அங்கே மருந்து அடிக்கிறார்கள், மாஷே. அதைத் தொடக் கூடாது" என்று பையன் நமக்குப் பாடம் சொன்னான்.