லினக்ஸ் கருவும் 386 செயலியும்: நீக்கத்தை நிர்ணயிப்பது எது?

லினஸ் தோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்தபோது, 1991ஆம் ஆண்டில், லினக்ஸ் கருவை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 செயலி பொருத்தப்பெற்ற கணனியிலேயாகும். அதே செயலிக்கான ஆதரவை அக்கருவிலிருந்து நீக்கவேண்டுமென இங்கோ மோல்னார் 2012 டிசெம்பரில் முன்மொழிந்தார். தோர்வால்ட்ஸ் தயக்கமின்றி இசைந்தார். 2013 பெப்ரவரியில் வெளியான 3.8ஆம் பதிப்பு 386இல் இயங்காது. திறந்த மூல மென்பொருளில் பழையதொன்றை நீக்கும் முடிவு எவ்வாறு எட்டப்படுகிறது என்பதை ஆராய்வதற்கு இந்நிகழ்ச்சியை நாம் சான்றாகக் கொள்ளலாம்.

நீக்கப்பட்ட நிரல் வரிகள் சொற்பமே. ஆயின் சுமை வரிகளின் தொகையில் இல்லை. வாசிப்புக்கு மட்டுமென ஒதுக்கப்பட்ட நினைவகப் பக்கமொன்றில் கருவே எழுத முற்படுமிடத்து 386 அதனைத் தடுப்பதில்லை. எனவே அக்காவலை மென்பொருளே மேற்கொள்ள நேர்ந்தது. ஒரு பெறுமானத்தை ஒப்பிட்டு, ஒத்திருப்பின் அதனை மாற்றும் செயலை இடையீடின்றி ஒரே அறிவுறுத்தலால் நிறைவேற்றும் வசதியும் அதில் இல்லை. பல செயலிகள் ஒருங்கே இயங்கும் பொறிகளுக்கு இவ்வசதி உயிர்நாடியாகும். 1989இல் வெளிவந்த 486 இவ்விரு குறைகளையும் போக்கிற்று. எனினும் கருவைத் திருத்துவோர் ஒவ்வொரு முறையும் 386ஐ நினைவிற்கொண்டு மாற்றுவழி அமைக்கவேண்டியிருந்தது. அச்செயலியின் உற்பத்தியையே இன்டெல் 2007இல் நிறுத்திவிட்டமையும் இங்கு மனங்கொளத்தக்கது.

எனவே முதுமையே நீக்கத்துக்குக் காரணம் என முடிவுகட்டுவது பொருந்தாது. 1979இல் அறிமுகமான மோட்டோரோலா 68000 செயலிக் குடும்பத்துக்கான ஆதரவு தன்னார்வலர் சிலரின் உழைப்பினால் கருவில் நிலைபெற்றிருக்க, 2001இல் பெருநிறுவனங்களின் ஆரவாரத்தோடு சந்தைக்கு வந்த இட்டானியம், பேணுவாரின்றி 2024 ஜனவரியில் வெளியான 6.7ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. உழைப்பவர் உள்ளவரையே ஆதரவு உண்டு.

இந்நியதி நேர்மையானதே, ஊதியமின்றி உழைப்போரிடம் எல்லையற்ற கடமையை எதிர்பார்க்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அது முற்றிலும் நடுநிலையானதென நாம் கருதவில்லை. பேணும் ஆற்றல் உடையோரே தீர்மானிக்கும் அவையில், பயன்படுத்த மட்டும் அறிந்தோரின் குரல் எழுவதில்லை. 386ஐப் பொறுத்தவரை இது பெரிதும் ஏட்டளவிலான கவலைதான். 2012இல் அதனை அன்றாடத் தேவைக்கு நம்பியிருந்தோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். 2025 ஓகஸ்ட்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் இன்டெல் வகைக் கணனிகளுக்கான கருவையும் நிறுவியையும் கைவிட்டமை வேறு வகையானது. பிறர் கழித்த பொறிகளைப் பெற்று இயங்கும் பாடசாலைக்கோ சிறு நூலகத்துக்கோ புதுக் கணனி வாங்குதல் எளிதன்று. மூலநிரல் எவர்க்கும் திறந்தே கிடக்கிறது. பழைய பதிப்பை எடுத்துத் தாமே பேணிக்கொள்ளச் சட்டத் தடையேதுமில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களை அதனுள் இடையறாது சேர்த்துவரும் பயிற்சியும் நேரமும் அந்நூலகரிடம் எதிர்பார்க்கத்தக்கவையல்ல.