வேலையைத் தேர்ந்தெடுப்பதும் வாக்கைக் காப்பதும்



படிப்பை முடித்த பிள்ளைக்கு வேலை கிடைப்பது அல்லாஹ்வின் பேரருள். சில வேளைகளில் அந்த அருள் ஒரே நேரத்தில் இரண்டு வாசல்கள் வழியாக வருகிறது. சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் பணிநியமனக் கடிதத்தில் மகன் கையொப்பமிட்டு அனுப்புகிறான். பத்து நாள் கழிவதற்குள் துபையிலிருக்கும் மாமா மூலம் விசாவுடன் இன்னொரு வேலை வருகிறது. அல்லது புதிய வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் நிறைவுறுமுன் கூடுதல் சம்பளத்துடன் மற்றொரு கம்பெனி அழைக்கிறது. "சொல்லாமல் நின்றுவிடு, கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்" என வீட்டாரே யோசனை கூறுவதும் உண்டு. இத்தகைய நிலையில் ஒரு முஸ்லிம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சிந்திப்போம்.

மூஸா நபியின் ஒப்பந்தம்

திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயமான அல்கஸஸில் ஒரு வேலை ஒப்பந்தம் விவரிக்கப்படுகிறது. மிஸ்ரிலிருந்து உயிர் தப்பி மத்யனுக்கு வந்த மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு ஒரு பெண் தம் தந்தையிடம் பரிந்துரைக்கிறார். வலிமையும் நம்பகமும் உடையவர் என்பதே அவர் எடுத்துக் கூறிய தகுதி. அந்தப் பெரியவர், தம் மகளை மணமுடித்துத் தருவதாகவும், அதற்காக எட்டு ஆண்டுகள் தம்மிடம் வேலை செய்ய வேண்டுமென்றும், பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பத்தைச் சார்ந்தது என்றும் கூறுகிறார். சிரமம் கொடுக்கத் தாம் விரும்பவில்லை என்பதையும் தெரிவிக்கிறார். இரு தவணைகளில் எதை முடித்தாலும் தம்மீது குற்றமில்லை என்பதை மூஸா நபி உறுதிப்படுத்திக்கொண்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள்.

காலம் எவ்வளவு, கூலி என்ன, கட்டாயமானது எது, விருப்பத்திற்கு உரியது எது என்பவை அனைத்தும் வேலை தொடங்குமுன்பே பேசப்பட்டுவிட்டன. அவர்கள் அதிகமான தவணையையே நிறைவு செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

கையொப்பத்திற்கு முன்

இரண்டு வேலைகளை எடை போடும் முழுச் சுதந்திரமும் வாக்குக் கொடுப்பதற்கு முன்புதான் நமக்கு உண்டு. ஆகவே அப்போதே நன்கு விசாரிக்க வேண்டும். முதலில் வருமானம் ஹலாலானதா, ஜும்ஆவுக்கும் தொழுகைக்கும் இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். அடுத்துக் கணக்கு. ஆண்டுச் சம்பளம் என்று கடிதத்தில் காட்டப்படும் தொகையில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்திருக்கலாம்; மாதந்தோறும் கைக்கு வருவது எவ்வளவு என்று தனியே கேட்க வேண்டும். வளைகுடா வேலையானால் தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்பீடு, விடுமுறை விமானச் சீட்டு ஆகியவை யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

விசாவுக்கென்று உம்மாவின் நகையை அடகு வைக்குமுன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. இந்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டி வரியும் மட்டுமே. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வதும் அங்கே சட்டவிரோதம். இத்தகைய வாய்மொழி வாக்குறுதியை நம்பிக் கையிலிருக்கும் வேலையை விட்டவர் இரண்டையும் இழக்க நேரிடலாம்.

இன்னொரு கடிதத்தை எதிர்பார்த்திருப்பவர், முதல் நிறுவனத்திடம் ஒரு வார அவகாசம் கேட்பதில் தவறில்லை. அவர்கள் மறுக்கலாம்; ஆனால் உள்ளத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு "வருகிறேன்" என்று எழுதிக் கொடுப்பதைவிட அதுவே நேர்மையானது.

இஸ்திகாராவும் ஆலோசனையும்

ஒரு காரியத்தை நாடும்போது கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழுது, நன்மை எதுவோ அதைத் தருமாறு அல்லாஹ்விடம் கேட்கும் முறையை நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கற்றுத் தந்தார்கள். கனவு வந்தே தீர வேண்டும் என்பது அதன் நிபந்தனையன்று. அத்துறையில் அனுபவம் உள்ளவர்களிடம் ஆலோசித்து, துஆச் செய்து, மனம் சாயும் முடிவை எடுத்து, அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும்.

சேர்ந்தபின் விலகலாமா?

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வசனம் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. வாக்களித்து மாறு செய்வது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என நபிமொழி எச்சரிக்கிறது. அப்படியானால் ஒருமுறை சேர்ந்த வேலையை விடவே கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். அவ்வாறில்லை. விலகுவதற்கான வழியும் அதே ஒப்பந்தத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தகுதிகாண் காலமும் முன்னறிவிப்புக் காலமும் இருதரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள். அவற்றின்படி விலகுகிறவர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியவரே ஆவார். பொய்க் காரணம் சொல்லி அல்லது சொல்லாமல் கொள்ளாமல் மறைகிறவரே வாக்கை முறித்தவர்.

சத்தியம் செய்தபின் அதைவிடச் சிறந்ததைக் கண்டால் பரிகாரம் கொடுத்துவிட்டுச் சிறந்ததைச் செய்யலாம் என்ற நபிமொழியைச் சிலர் இதற்கு ஆதாரம் காட்டுவர். அது தன்மீது தானே விதித்துக்கொண்ட சத்தியத்தைப் பற்றியது. ஒப்பந்தத்திலோ அடுத்தவரின் ஹக்கு கலந்திருக்கிறது. அதனை அவருக்குச் செலுத்தியாக வேண்டும். அல்லது அவர் மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி தகுதிகாண் காலம் ஆறு மாதத்தை மிஞ்சக் கூடாது. அக்காலத்தில் அந்நாட்டிலேயே வேறு நிறுவனத்துக்கு மாற விரும்புவோர் ஒரு மாதத்திற்கும், நாடு திரும்ப விரும்புவோர் 14 நாட்களுக்கும் குறையாமல் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மாறுவோரின் ஆள்சேர்ப்புச் செலவை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், புதிய நிறுவனம் பழைய நிறுவனத்துக்கு ஈடுசெய்ய வேண்டும். இம்முறையைப் பின்பற்றாமல் நாட்டைவிட்டுச் செல்பவருக்கு ஓராண்டுக்கு வேலை அனுமதி கிடையாது.

இந்தியாவில், அன்றைய விஜயா வங்கியின் அதிகாரி ஒருவர் மூன்றாண்டு நிறைவுறுமுன் 2009ஆம் ஆண்டில் விலகி வேறு வங்கிக்குச் சென்றார். இரண்டு லட்ச ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து அவர் தொடர்ந்த வழக்கில், அந்நிபந்தனை செல்லும் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. எனினும் எழுதப்பட்ட தொகை எதுவானாலும் அப்படியே செல்லும் என்பதில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது.

சம்பளம் தராமலோ, பேசிய வேலைக்குப் பதிலாக வேறு வேலை வாங்கியோ, முதலில் ஒப்பந்தத்தை முறித்தது முதலாளியே என்றால் நிலைமை வேறு. அப்போதும் ஓடிப்போகாமல், சான்றுகளுடன் தொழிலாளர் துறையை நாடுவதே பாதுகாப்பு.

விலகும் முறை

புதிய வேலை எழுத்தில் உறுதியான பிறகே பழையதை விடுங்கள். மேலதிகாரியிடம் நேரில் உண்மையைச் சொல்லி, பின்னர் கடிதம் கொடுங்கள். முன்னறிவிப்பு நாட்களில் வேலையைக் குறைக்காதீர்கள். அந்நாட்களின் சம்பளமும் ஹலாலாக வேண்டுமல்லவா? நிறுவனத்தின் கணினி, ஆவணம், வாடிக்கையாளர் விவரம் யாவும் அமானிதம். அவற்றை ஒப்படைத்து, பணி அனுபவச் சான்றைப் பெறுங்கள். வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு சேவை நிறைவுறுமுன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை சொல்லாமல் நின்றுவிட்ட இடத்திற்கு நாளை நம் ஊர்ப் பிள்ளை இன்னொருவன் விண்ணப்பிப்பான். முன்னவன் நடந்த விதம் அவனுக்கு வாசலைத் திறக்கவும் கூடும், அடைக்கவும் கூடும். பொய் சொல்லிப் பெறும் கூடுதல் சம்பளத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, விசாலமான ரிஸ்கை வழங்குவானாக! கொடுத்த வாக்கைக் காப்பவர்களாக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.